பச்மரி நாட்குறிப்பு

சனி இரவு, ரயிலில்

சாரண ஆசிரியர்களுக்கான ஹிமாலயா உட் பேட்ஜ் பயிற்சிக்காகப் பச்மரி போய்க்கொண்டிருக்கிறேன். விடுப்புக் கடிதம் கொடுத்த நாளிலிருந்து ஆசிரியர் அறையில் ‘அது என்ன பேட்ஜ் சார், அதுக்கு எதுக்கு மத்தியப் பிரதேசம் வரைக்கும் போகணும்’ என்று கேட்காத ஆள் இல்லை. ஜி.டி. எக்ஸ்பிரஸில் நேரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சாரணர் படை நடத்தும் ஆசிரியர்களுக்கு இதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. பாடம் நடத்துவதற்குத்தான் சம்பளம், படை நடத்துவது விருப்பத்தில் செய்வது. ஆனாலும் பயிற்சி இல்லாமல் யாரும் படையைத் தொட முடியாது. முதலில் அடிப்படைப் பயிற்சி. அதை முடித்துப் பள்ளியில் சில காலம் படை நடத்திய பிறகு அட்வான்ஸ்டு கோர்ஸ். அதற்கும் மேலே இருப்பதுதான் உட் பேட்ஜ். உலகம் முழுக்க இந்தப் பெயர்தான். நம் நாட்டில் பாரத சாரண சாரணியர் இயக்கம் அதை ஹிமாலயா உட் பேட்ஜ் என்கிறது.

இது தொடங்கியது 1919 செப்டம்பர் 8 அன்று, லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டோரம் இருக்கும் கில்வெல் பார்க்கில். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சிறுவர்களை வைத்து நடத்திய முகாமிலிருந்து இயக்கம் வேகமாகப் பரவிவிட்டது. பையன்கள் குவிந்துவிட்டார்கள், அவர்களை நடத்தத் தெரிந்த பெரியவர்கள் போதவில்லை. முதல் உலகப் போர் வேறு அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருந்தது. டபிள்யூ. டி பாய் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பணம் கொடுக்க, கில்வெல் தோட்டத்தை வாங்கி, பெரியவர்களைக் கூட்டிவந்து கூடாரத்தில் தங்கவைத்து, சிறுவர்களைப் போலவே அணி அணியாகப் பிரித்து வாழச் சொன்னார்கள். விரிவுரை மண்டபத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காமல் பையனின் இடத்தில் பெரியவரை நிறுத்தியதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அது மாறவில்லை.

எதிர் பெர்த்தில் நாக்பூர் போகும் ஒரு தாத்தா என் சீருடையைப் பார்த்துவிட்டு, போலீஸா என்று கேட்டார். சாரணர் என்றதும் முகம் மலர்ந்து இடது கையை நீட்டினார். 1950-களில் அவர் சாரணராம். இடது கையால் கை குலுக்கும் பழக்கம் இன்னும் மறக்கவில்லை.

ஞாயிறு

காலையில் கண் விழித்தபோது பல்லார்ஷா. நாக்பூரில் தாத்தா இறங்கிக்கொண்டார். பேதுல் கழிந்ததும் தேக்குக் காடு, மலை இறக்கம், சுரங்கம் என்று ஜன்னலை விட்டு நகர மனமில்லை. மழைக்காலம் இப்போதுதான் முடிந்திருக்கிறது, எல்லாப் பள்ளத்திலும் தண்ணீர்.

இடார்சியில் இறங்கி ஜபல்பூர் பாதையில் வேறு வண்டி பிடித்து பிபரியா. அங்கிருந்து பச்மரி ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஸ்டேஷன் வாசலில் பங்கு ஜீப்புக்காக நின்றவர்களில் நாலு பேர் கழுத்தில் ஸ்கார்ஃப்! கேரளத்திலிருந்து ஒரு கேந்திரிய வித்யாலயா ஆசிரியர், கரக்பூர் ரயில்வே பட்டறையில் வேலை செய்யும் ஒரு வங்காளி, பீகார்க்காரர் ஒருவர், ராஜஸ்தானிலிருந்து ஓர் இளம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். சாரணர் இயக்கத்தில் மாநிலங்களைப் போலவே ரயில்வேக்களும் கேந்திரிய வித்யாலயா, நவோதயா அமைப்புகளும் தனித்தனிப் பிரிவுகள். அதனால் இந்த மாதிரி முகாம்களில் பள்ளி வாத்தியார் பக்கத்தில் லோகோ மெக்கானிக் நிற்பார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து மட்குலி ஊர் வருவதற்குள் நாங்கள் சேட்டன், தாதா, பையா, மாஸ்டர்ஜி ஆகிவிட்டோம். நான் அண்ணா.

மேலே வந்து சேர்ந்தபோது இரவு. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், குளிர் லேசாகக் கடிக்கிறது. பச்மரி பிரிட்டிஷ்காரர்கள் மத்திய மாகாணத்தின் கோடைத் தலைநகராக வைத்திருந்த ஊர். இப்போது ராணுவக் கல்விப் பிரிவின் பயிற்சி மையமும் நம் இயக்கத்தின் தேசியப் பயிற்சி மையமும் இங்கே இருக்கின்றன. நாளை ஐந்தரைக்கு விசிலாம்.

திங்கள்

காலையில் வளாகத்தைப் பார்த்ததும் பயணக் களைப்பு போய்விட்டது. சால மரங்கள் நேர்நேராக எழுந்து நிற்கின்றன. காட்டு அணில் ஒன்று, நம் குற்றால மலையில் பார்ப்போமே அந்தப் பெரிய ஜாதி, கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது.

கொடியேற்றம், பிரார்த்தனை முடிந்ததும் எங்களை அணிகளாகப் பிரித்தார்கள். ஒரே மாநிலத்துக்காரர்கள் ஒரே அணியில் வராமல் கவனமாகப் பிரித்தார்கள். எனக்கு மயில் அணி. ஜீப்பில் வந்த சேட்டன், தாதா, பையா, மாஸ்டர்ஜி நாலு பேரும் என்னோடு. இன்னும் ஒரு அசாம்காரர், பஞ்சாபிலிருந்து ஒரு தலைமையாசிரியர், ஹைதராபாத்திலிருந்து ஒருவர்.

ஒவ்வொரு நாளும் ஒருவர் அணித் தலைவர், ஒருவர் துணை, ஒருவர் சமையல், ஒருவர் விறகும் தண்ணீரும், ஒருவர் கூடாரச் சுத்தம், ஒருவர் சாமான் கணக்கு. மறுநாள் எல்லாம் மாறும். முதல் நாள் தலைவராக வந்தது இருப்பதிலேயே சின்னவரான மாஸ்டர்ஜி. தலைமையாசிரியருக்குக் கிடைத்தது விறகு. இருநூறு பேரை மேய்க்கும் மனிதர், சுள்ளி பொறுக்கப் போனார். போகும்போது மாஸ்டர்ஜியிடம் ‘எவ்வளவு வேணும் லீடர் சாப்’ என்று கேட்டாரே, அதைக் கேட்டு எனக்கு மனம் நிறைந்துவிட்டது. கேலி துளியும் இல்லை. அவருக்கு இந்த முறை புரிந்திருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சாரணர் என்றால் கொடி வணக்கம், பேரணி, விழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது. உள்ளே இருக்கும் இயந்திரம் இந்த அணி முறைதான். ஆறிலிருந்து எட்டு பையன்கள், அவர்களில் ஒருவனே தலைவன். அணித் தலைவர்கள் கூடும் மன்றத்துக்குக் கோர்ட் ஆஃப் ஹானர் என்று பெயர். அடுத்த மாதம் என்ன செய்யலாம், எங்கே போகலாம், காசு எவ்வளவு இருக்கிறது, தப்பு செய்தவனை என்ன செய்வது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாக வேண்டும். ஆசிரியர் உட்காரலாம், ஆலோசனை சொல்லலாம், முடிவை மட்டும் பையன்கள் எடுக்க வேண்டும். நம் ஊரில் எத்தனை பள்ளிகளில் இந்த மன்றம் கூடுகிறது? ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதுத் தேர்வுக்கு முடிச்சு போடக் கற்றுக்கொடுப்பதோடு முடிந்துவிடுகிற படைகள்தான் அதிகம். சான்றிதழுக்காகப் பையன் வருகிறான் என்று அவனைக் குறை சொல்கிறோம். முடிவெடுக்க ஒன்றுமே தராமல் அவனை வேறு எதற்காக வரச் சொல்வது?

செவ்வாய்

கை எரிகிறது. இன்று முழுக்கக் கயிறும் மூங்கிலும்.

வேலை இதுதான்: ஒவ்வோர் அணியும் மதியத்துக்குள் ஆள் ஏறி நிற்கக்கூடிய ஒரு கண்காணிப்புக் கோபுரம் கட்ட வேண்டும். ஆணி கிடையாது, கம்பி கிடையாது. இரண்டு மூங்கிலைக் குறுக்காக வைத்துக் கட்டும் சதுரக் கட்டு தெரியாதவர்களுக்காக: நிற்கும் மூங்கிலில், குறுக்கு மூங்கிலுக்குச் சற்றுக் கீழே, குளோவ் ஹிட்ச் முடிச்சு போட்டு ஆரம்பிக்க வேண்டும். பிறகு குறுக்கு மூங்கிலுக்கு முன்னால், நிற்கும் மூங்கிலுக்குப் பின்னால் என்று மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும், மேலே ஏறக் கூடாது. அதற்கப்புறம் இரண்டு மூங்கிலுக்கும் இடையில் கயிற்றை நுழைத்து இரண்டு சுற்று இறுக்கு. கட்டின் பலமெல்லாம் இந்த இரண்டில்தான். மூன்று சுற்றைப் பார்த்துப் பார்த்து அழகாகச் சுற்றிவிட்டு இறுக்குச் சுற்றில் அசட்டையாக இருந்தால் ஆள் ஏறியதும் மூட்டு ஆடும். கடைசியில் குறுக்கு மூங்கிலில் ஒரு குளோவ் ஹிட்ச்சோடு முடிக்க வேண்டும்.

பட்டறைக்காரர் தாதா இறுக்குச் சுற்றுக்கு ஒரு கட்டையைக் கயிற்றில் மாட்டி, காலை மூங்கிலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தார். கயிறு முறுக்கேறி ‘கிர்’ என்றது. விரலால் சுண்டினால் நரம்புபோல் அதிர்ந்தது. மற்ற மூட்டுகளையும் அப்படியே செய்யச் சொல்லி ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் காட்டினார்.

பக்கத்து அணியின் கோபுரம் ஒருபக்கம் சாய்ந்தது. கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் போட மறந்திருந்தார்கள். பயிற்சியாளர் இரண்டு பேர் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள், வாயே திறக்கவில்லை. அந்த அணி தலையைச் சொறிந்து, விவாதம் செய்து, இறக்கி, சட்டத்தைக் கட்டி மறுபடி நிமிர்த்தியது. நிமிர்ந்த பிறகுதான் ஒரு பயிற்சியாளர் போய்க் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘ஏறலாம்’ என்றார். ஆள் ஏறுவதற்கு முன் சோதிப்பது மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்காத வேலை.

மதியம் உயரம் அளப்பது. கணக்கு வாத்தியாரான எனக்கு இது விருந்து. மரத்தடியிலிருந்து சாரணக் கோலின் நீளத்துக்குப் பதினொரு தடவை அளந்துபோய் அங்கே கோலைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு கோல் நீளம் தள்ளித் தரையோடு கன்னம் பதியப் படுத்து, மரத்தின் உச்சியைப் பார்க்க வேண்டும். பார்வைக் கோடு கோலை எந்த இடத்தில் வெட்டுகிறதோ அங்கே துணைக்கு நிற்பவர் விரலை வைப்பார். தரையிலிருந்து அந்த விரல் எத்தனை அங்குலமோ, மரம் அத்தனை அடி. நாங்கள் அளந்த சால மரத்துக்கு 58 அங்குலம் வந்தது, ஆக மரம் 58 அடி. பன்னிரண்டு மடங்கு தூரம், பன்னிரண்டு அங்குலம் ஓரடி, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் வடிவொத்த முக்கோணத்துக்குக் கரும்பலகையில் கோடு கோடாய்ப் போடுகிறோம். மைதானத்து வேப்பமரத்தடியில் பையன்களைக் குப்புறப் படுக்கப் போட்டால் ஒரு பீரியடில் முடிந்துவிடும்.

புதன்

பகல் முழுக்க உட்கார்ந்து பேசும் வகுப்புகள். உலக சாரணர் அமைப்பின் சேஃப் ஃப்ரம் ஹார்ம் கொள்கை, அதாவது சிறுவர் பாதுகாப்பு, காலையில் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஒரு பெரியவர் ஒரு சிறுவனோடு மற்றவர் கண்ணில் படாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது, பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் தூங்கக் கூடாது, பையன் ஏதாவது சொன்னால் ‘சும்மா இரு’ என்று அடக்காமல் கேட்டு உடனே உரியவரிடம் சேர்க்க வேண்டும். நல்லவர்களுக்கு எதற்கு இந்த விதி என்று ஒருவர் கேட்டார். பெற்றோர் தங்கள் பிள்ளையை இரவு முகாமுக்கு அனுப்புவது நம் முகத்தைப் பார்த்து அல்ல, விதி இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அனுப்ப வேண்டும் என்றார் பயிற்சியாளர்.

மாலையில் ஒவ்வொருவரும் தங்கள் பகுதிப் பிள்ளைகளின் பிரச்சினை ஒன்றைப் பேச வேண்டும். அசாம்காரர் வெள்ளத்தைப் பற்றிப் பேசினார். வெள்ளத்தில் பள்ளியே முகாமாகிவிடும், அப்போது அவருடைய படைதான் குடிதண்ணீர் வரிசையைப் பார்த்துக்கொள்ளுமாம்.

நான் சாதியைப் பற்றிப் பேசினேன். எங்கள் தென் மாவட்டங்களில் பையன்கள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு வருவதையும், அந்த நிறம் எதைச் சொல்கிறது என்பதையும், 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது உடன் படித்தவர்கள் என்பதையும் சொன்னபோது கூடத்தில் சத்தமே இல்லை. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை தந்தது. அந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. தடை வேண்டும்தான். ஆனால் கயிறை அவிழ்த்த கைக்குச் செய்ய ஒரு வேலையும் வேண்டும். நாலு தெருப் பையன்களை ஒரே அணியில் போட்டு, ஒருவன் மாவு பிசைய, ஒருவன் விறகு கொண்டுவர, ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிடவைத்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் படையில் கண்ணால் பார்க்கிறேன். அணிப் பட்டியலை ஆசிரியர் கவனித்துப் போட வேண்டும். பையன்கள் விருப்பத்துக்கே விட்டால் தெரு வாரியாகப் பிரிந்துகொள்வார்கள். பிரித்துப் போட்ட பிறகு உள்ளே தலையிடாமல் இருக்க வேண்டும்.

பேசி முடித்ததும் பையா வந்து தோளில் கை வைத்துவிட்டுப் போனார். பீகாரிலும் இதே கதைதான் அண்ணா என்றார்.

வியாழன்

நடைப் பயணம். மகாதேவ் கோயில் வழியாகச் சௌராகட் மலை. வனத்துறை அனுமதியோடு, தண்ணீர், முதலுதவிப் பெட்டி, ரொட்டி, வெல்லம் முதுகில் ஏற்றி ஏழு மணிக்குக் கிளம்பினோம்.

தலைவர் தாதா. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒட்டிய உறை, உள்ளே திசைக் கோணமும் தூரமும். முதல் உறையில் 140 டிகிரி. தாதா திசைகாட்டியைத் திருப்பினார், கிளம்பினோம். பயிற்சியாளர் பின்னால் வந்துகொண்டிருந்தார், கையில் ஒரு குச்சி, வாயில் ஒரு வார்த்தை இல்லை.

அரை மணி நேரம் நடந்திருப்போம். மாஸ்டர்ஜி திடீரென்று நின்றார். ‘140 என்றால் தென்கிழக்கு. காலை வெயில் கிட்டத்தட்ட முகத்தில் அடிக்க வேண்டும். இது ஏன் வலது தோளில் அடிக்கிறது?’ எல்லோரும் தாதாவைப் பார்த்தோம். அவர் திசைகாட்டியைப் பார்த்தார். வட்டை 40-ல் நிறுத்தியிருந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் மனிதர். ஒரு நிமிஷம். பிறகு எழுந்து, ‘என் தப்பு. திரும்பிப் போய்க் கிளம்பிய இடத்திலிருந்து தொடங்குவோம். இனிமேல் கோணத்தை இரண்டு பேர் பார்த்த பிறகுதான் நடை’ என்றார். யாரும் முணுமுணுக்கவில்லை. அன்று முழுக்க அடுத்த கோணங்களை அவரும் மாஸ்டர்ஜியும் சேர்ந்தே பார்த்தார்கள், ஒன்றும் பிசகவில்லை.

மதியம் ரொட்டி தின்னும்போது சேட்டன் கேட்டுவிட்டார், ‘சார், நீங்கள் முதல் அடியிலேயே பார்த்தீர்கள், இல்லையா?’ பயிற்சியாளர் தலையாட்டினார். ‘பார்த்தேன். அந்த வழியில் பள்ளம் இல்லை, ஓடை இல்லை, பாதை தெரியும். நஷ்டம் அரை மணி நேரம். அரை மணி நேரத்துக்காக உங்கள் தலைவரிடமிருந்து தலைமையை நான் ஏன் பிடுங்க வேண்டும்? அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை இருந்திருந்தால் மூன்றாவது அடியில் நிறுத்தியிருப்பேன்.’

இந்தப் பயிற்சிக்காக இவ்வளவு தூரம் வந்ததற்கு இந்த ஒரு பதிலே போதும் என்று நினைக்கிறேன். பையன் தவறப் போகிறான் என்று தெரியும்போது வாத்தியாருக்கு நாக்கு அரிக்கும். அது நம் தொழில் பழக்கம், தப்பைக் கண்டால் சிவப்பு மையில் வட்டம் போட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆபத்தா, நஷ்டமா என்று அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆபத்து என்றால் நொடியும் தாமதிக்கக் கூடாது. நஷ்டம் மட்டும் என்றால், அது சோறு கருகுவதோ கூடாரம் நனைவதோ பஸ் தவறுவதோ, பையனே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள விட வேண்டும். எது எது என்று பிரிக்கத் தெரிவதற்கு முன்கூட்டியே அந்தப் பாதையில் நாம் நடந்து பார்த்திருக்க வேண்டும். பயிற்சியாளர் போன வாரமே இந்த வழி முழுக்கப் போய்வந்தாராம். அவர் வாயை மூடிக்கொண்டு வர முடிந்தது அதனால்தான்.

மகாதேவ் குகையில் சிவலிங்கத்தைப் பார்த்துவிட்டுச் சௌராகட் ஏறினோம். படிகள் ஆயிரத்துக்கு மேல். உச்சியில் கோயிலைச் சுற்றிச் சூலங்கள் குவியல் குவியலாக. வேண்டுதல் வைத்தவர்கள் சிவராத்திரிக்குத் தோளில் சுமந்து வந்து சாத்தியவை, சில சூலங்கள் ஆள் உயரத்துக்கும் மேல். பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும் ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தலைமையாசிரியர் சர்தார்ஜி ஒவ்வொரு சூலமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். மேலேயிருந்து சாத்பூரா மலைத்தொடர் மடிப்பு மடிப்பாக, தூரத்தில் தூப்கட். மத்தியப் பிரதேசத்திலேயே உயரமான இடம் அது.

கால் வலி. தூங்கப் போகிறேன்.

வெள்ளி

காலையில் சர்வமதப் பிரார்த்தனை. அவரவர் மொழியில், அவரவர் மரபிலிருந்து. ஹைதராபாத்காரர் குரானிலிருந்து ஓதினார், சேட்டன் பைபிள் வாசித்தார், சர்தார்ஜி சீக்கியர்களின் குர்பானிப் பாடல் பாடினார்.

அதன் பிறகு பாத்திரம் இல்லாமல் சமைப்பது. உருளைக்கிழங்குக்கு ஈரக் களிமண் பூசித் தணலில் புதைப்பது, பிசைந்த மாவைக் கயிறாக உருட்டிப் பச்சைக் குச்சியில் சுற்றிச் சுடுவது எல்லாம் வழக்கமானவை. குச்சி எந்த மரம் என்று தெரியாமல் ஒடிக்கக் கூடாது, அரளி மாதிரி விஷமானது மாட்டினால் முடிந்தது கதை. இன்று சமையல் பொறுப்பு பையாவுக்கு. அவர் வறுத்த கடலை மாவில் பூண்டு, பச்சை மிளகாய், ஓமம், கடுகு எண்ணெய் விட்டுப் பிசைந்து, கோதுமை மாவு உருண்டைக்குள் அதை அடைத்துத் தணலில் போட்டார். கூடவே கத்தரிக்காயும் தக்காளியும் சுட்டு, தோலை உரித்து, தேக்கிலையில் வைத்துக் கையாலேயே மசித்தார். லிட்டி சோக்கா. பீகாரில் வயலுக்குப் போகிறவர் காலங்காலமாகச் செய்யும் சாப்பாடு. உருண்டை மேல் ஒட்டிய சாம்பலைத் துணியில் தட்டிவிட்டு உடைத்தால் உள்ளே ஆவி பறந்தது. நடுவர்களாக வந்த பயிற்சியாளர்கள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இரவு முகாம் தீ. அதற்கு முன்னால் உட் பேட்ஜ் மணிகளின் கதை சொன்னார்கள். பேடன் பவல் 1888-ல் ஜூலு நாட்டில் படை அதிகாரியாக இருந்தபோது கொண்டுவந்த ஒரு நீண்ட மணிமாலை, ஜூலு தலைவர் தினுஜுலுவினுடையது என்று சொல்லப்படுவது. கில்வெல்லின் முதல் பயிற்சியை முடித்தவர்களுக்கு அதிலிருந்து மணிகளை எடுத்துத் தோல் வாரில் கோத்துக் கொடுத்தார். இப்போது உலகம் முழுக்கக் கொடுப்பது அதே வடிவத்தில் செய்த மர மணிகள். பயிற்சி முடித்தவருக்கு இரண்டு, உதவிப் பயிற்சியாளருக்கு மூன்று, பயிற்சியாளருக்கு நாலு.

கதையின் இன்னொரு பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். ஜூலு மக்களிடையே அந்த மாலை வீரத்துக்கு மரியாதையாக அணிவது, அது அவர்கள் கையிலிருந்து போனது ஒரு காலனிப் போரில். நம் சரித்திரமும் அதே மாதிரிதான். வெள்ளைக்கார ஆட்சியில் இந்தியாவில் சாரணர் படை வந்தபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. நம் பையன்களுக்கு இடமில்லை என்றதும் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் 1916-ல் சென்னையில் இந்தியப் பையன்களுக்காகத் தனிச் சாரணர் சங்கமே தொடங்கினார்கள். வடக்கே மதன் மோகன் மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர்களை வளர்த்தார்கள். பேடன் பவல் 1921-ல் இந்தியா வந்தபோது பெசன்ட்டின் சங்கம் தாய் அமைப்போடு இணைந்தது. பிரிந்தும் சேர்ந்தும் போய், எல்லாம் ஒன்றாகிப் பாரத சாரணர் அமைப்பு பிறந்தது 1950 நவம்பர் 7-ல், மறு வருஷம் சாரணியரும் சேர்ந்தார்கள். கேட்டு வாங்கிய இடம் இது. மணிகளை அணிகிற ஒவ்வொரு தமிழ் சாரண ஆசிரியருக்கும் சென்னையில் நடந்த அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். தீயைச் சுற்றி உட்கார்ந்தபோது என் முறை வந்ததும் இதைத்தான் சொன்னேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

சனி

இன்று அவரவர் படைக்கு ஆறு மாதத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். என் திட்டத்தில் மூன்றாவது வாரம் முதல் எல்லாக் கட்டங்களும் காலி. ‘இது ஏன் நிரப்பவில்லை?’ என்று பயிற்சித் தலைவர் கேட்டார். அணித் தலைவர்கள் நிரப்புவார்கள் என்றேன். சரி என்று கையெழுத்துப் போட்டார். ஆனால் விடவில்லை: அவர்கள் நிரப்புவதற்கு என்ன தகவல் கொடுப்பீர்கள் என்று அடுத்த கேள்வி. கையிருப்புப் பணம், பள்ளித் தேர்வு நாட்கள், பக்கத்தில் நடந்து போகக்கூடிய இடங்களின் பட்டியல், அனுமதி வாங்க யாரைப் பார்ப்பது, எந்தப் பையனுக்கு என்ன உடல்நலக் குறை, இவ்வளவையும் ஒரு தாளில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று எழுதவைத்தார். அதில்லாமல் கட்டத்தைக் காலியாக விட்டால் அது சோம்பல்தான் என்றார். நியாயம்.

ஞாயிறு, இடார்சி

காலையில் கொடியிறக்கம் முடிந்து கிளம்பினோம். மணிகள் கையோடு வருவதில்லை. பயிற்சியாளர்களின் மதிப்பீடு போய், சான்று வந்த பிறகு ஊரில் வைத்து அணிவிப்பார்கள். பிபரியாவில் தாதாவும் பையாவும் கிழக்கே போகிற வண்டிக்கு நின்றுகொண்டார்கள். தாதா தன் பழைய திசைகாட்டியை மாஸ்டர்ஜிக்குக் கொடுத்துவிட்டார்.

வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம். எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியை செய்தி அனுப்பியிருக்கிறார்: சாரணியர் படை தொடங்கணும் சார், நேராக இந்த உட் பேட்ஜுக்கு வரலாமா? முடியாது டீச்சர், அடிப்படைப் பயிற்சியிலிருந்துதான் வர வேண்டும். மாவட்ட சாரணர் சங்கச் செயலரைப் பாருங்கள், தலைமையாசிரியர் கடிதம் வேண்டும். பயிற்சிக்கு வரும்போது நல்ல ஷூவும், டார்ச்சும், ஐந்து மீட்டர் நூல் கயிறும் கொண்டுவாருங்கள். கயிற்றின் இரண்டு முனையையும் நூல் சுற்றிக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் பிரிந்துவிடும். எப்படிக் கட்டுவது என்று செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் காட்டுகிறேன். எட்டாம் வகுப்பில் விருப்பமுள்ள பிள்ளைகளிடம் அதற்குள் ஒரு வார்த்தை பேசி வையுங்கள்.